நம் ஊரைப் படிக்கும் படிப்பு

(யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றால் மகிழ்ச்சியின் ஆண்டு என்று நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் பழைய ஏற்பாட்டு மக்களுக்கு அது கணக்குப் பார்க்கும் ஆண்டாகவும் இருந்தது. ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும், கைமாறிப்போன காணி பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். கடனுக்காகத் தன்னையே விற்றவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும் என்பது சட்டம். இத்தனை ஆண்டுகளில் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று நின்று பார்க்கச் சொன்ன ஆண்டு அது. ஆகவே கொடியும் தேரும் வாணவேடிக்கையும் நிறைந்த இவ்விழாக் காலத்தில், "வளர்ச்சி" என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

இந்தச் சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார். "ஏனுங்க சாமி, என்ற புள்ள காலேசு முடிச்சுப்போட்டு, சர்வதேச வளர்ச்சின்னு ஏதோ மேல்படிப்புப் படிக்கோணும்ங்கறா. அதென்ன படிப்புங்க? அதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தறிச் சத்தத்தின் நடுவே காசு சேர்த்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய் கேட்காமல் வேறு யார் கேட்பது? அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கு விரித்துச் சொல்லுகிறேன்.

முதலில், இது என்ன படிப்பு? இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடு பின் நாடாக விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற மக்கள் பசியிலிருந்தும் நோயிலிருந்தும் எழுத்தறியாமையிலிருந்தும் எவ்வாறு விடுபடுவது? ஒரு நாடு செழிக்க, இன்னொரு நாடு ஏன் வாடுகிறது? ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு தெரு செழித்து அடுத்த தெரு ஏன் வாடுகிறது? இக்கேள்விகளுக்குப் பொருளாதாரம் மட்டும் விடை சொல்ல முடியவில்லை. வரலாறு, அரசியல், சமூகவியல், புள்ளியியல் எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்துப் படிக்கும் துறை ஒன்று பிறந்தது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டி 1966-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1967 மார்ச்சு மாதம், திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். பொருள் பெருகுவது மட்டும் வளர்ச்சியன்று. முழு மனிதனும், எல்லா மனிதரும் உயர வேண்டும் என்பதே அதன் சாரம். குருமடத்தில் திருச்சபையின் சமூகப் போதனையைப் பயின்ற எவரும் அந்த மடலைக் கடந்து வந்திருக்க முடியாது.

இந்தப் படிப்பின் மையத்தில் நிற்பவை நான்கு எளிய கேள்விகள் என்பது என் கருத்து. எது வளர்ந்தது? யாருக்கு வளர்ந்தது? யார் முடிவு செய்தார்கள்? விலையை யார் கொடுத்தார்கள்?

இவற்றை நம் நொய்யல் ஆற்றங்கரையிலேயே கேட்டுப் பாருங்கள். நமக்குக் கிழக்கே திருப்பூர், பனியன் ஏற்றுமதியால் உலகப் படத்தில் இடம் பிடித்தது. எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன; நம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே போய்ப் பிழைத்தார்கள். இது முதல் கேள்விக்கு விடை. ஆனால் அதே ஆற்றில் இன்னும் கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில், உழவர்களின் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டினார்கள். 1990-களில் அந்த அணையில் தேங்கியது சாயக்கழிவு. கிணறுகள் உப்பாயின, தென்னையும் மஞ்சளும் கருகின. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை முழுதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று வேலையிழந்தவர்களும் ஏழைத் தொழிலாளர்களே. ஏற்றுமதிக் கணக்கை மட்டும் பார்த்தால் இது வெற்றிக் கதை. நான்கு கேள்விகளையும் கேட்டால்தான் முழுக் கதை தெரிகிறது. திருப்பூரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாயப்பட்டறைகள் கழிவு நீரை மறுபடியும் பயன்படுத்தும் முறைக்கு மாற வேண்டி வந்ததே, இக்கேள்விகளைச் சிலர் விடாமல் கேட்டதனால்தான்.

அளக்கும் கோலை மாற்றினால் காட்சியே மாறும் என்பது நமக்குப் புதிதன்று. காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்த நம் ஆண்டவர், செல்வர் போட்ட பெருந்தொகையையும் கைம்பெண் போட்ட இரண்டு காசையும் பார்த்தார். போட்டது எவ்வளவு என்று அவர் அளக்கவில்லை. போட்டபின் அவளிடம் மிஞ்சியது எவ்வளவு என்று அளந்தார். உலக அறிஞர்கள் இதற்கு நெருங்கிய ஓர் இடத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1990-ஆம் ஆண்டில்தான் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட அமைப்பு, பாகிஸ்தான் நாட்டு அறிஞர் மகபூப் உல் ஹக் முன்னின்று தயாரித்த அறிக்கையில், வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து நாடுகளை அளந்தது. நம் நாட்டு அமர்த்தியா சென் அதற்குத் துணை நின்றார். அவர் சிறுவனாயிருந்தபோது, 1943-இல், வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. பிற்காலத்தில் அதை ஆராய்ந்து 1981-இல் எழுதிய நூலில், உணவு அடியோடு இல்லாமற் போனதால் மக்கள் சாகவில்லை. இருந்த உணவை வாங்கும் சக்தி கூலிக்காரருக்கும் மீனவருக்கும் இல்லாமற் போனதால் செத்தார்கள் என்று காட்டினார். "எவ்வளவு இருக்கிறது" என்று எல்லோரும் கேட்டார்கள். "யார் கைக்கு எட்டியது" என்று அவர் கேட்டார். ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டதனால் பஞ்சத்தைப் பற்றிய அறிவே மாறியது. படிப்பின் பயன் இதுதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் படிப்பு" என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியன்று. சசெக்சில் நிறுவனம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் இதற்கு வித்திடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர். தொழிலாளர்களுக்கென்று ஆக்சுபோர்டில் ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இந்தியக் கிராமம் புத்தகத்தில் இல்லை, கிராமத்தில் இருக்கிறது என்பதை உணர்ந்து, தம் மாணவர்களையே கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, குடும்பம் எதை உண்டு வாழ்கிறது என்று அவர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். 1918-இல் அது நூலாக வெளிவந்தது. அவற்றுள் ஒன்று விழுப்புரம் பக்கத்திலுள்ள இருவேல்பட்டு. 1916-இல் ஆராய்ந்த அக்கிராமத்தை 1930-களில் மறுபடி ஆராய்ந்தார்கள், 1980-களின் தொடக்கத்தில் மறுபடி, 2008-இல் மறுபடி. பெருநிலக்காரரின் பிடி எவ்வாறு தளர்ந்தது, கூலி ஆட்கள் வயலுக்கு வெளியே எவ்வாறு பிழைப்புத் தேடினார்கள் என்பதெல்லாம் ஏறத்தாழ நூறாண்டுக் கணக்காக இன்று நம் கையில் இருக்கிறது. அன்று மாணவர் சிலர் கையில் வினாத்தாளோடு வெயிலில் நடந்ததன் பலன் அது.

இன்னொருவரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். வேலூரில் 1910-இல் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா, சென்னை இலயோலா கல்லூரியில் படித்தவர். இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் மேற்படிப்பு முடித்தவர். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். பின்னர் பாரிசில் யுனெஸ்கோ நிறுவனத்தில் சேர்ந்து, அதன் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். உலக நாடுகளின் கல்வித் திட்டங்கள் அவர் மேசை வழியாகச் சென்றன. அவர் நினைத்திருந்தால் கடைசிவரை ஐரோப்பாவிலேயே வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, 1971-இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் வறுமையையும் கூலியையும் நீரையும் தமிழ்நாட்டிலிருந்தே ஆராய வேண்டும் என்பது அவர் நோக்கம். இருவேல்பட்டை 1980-களில் மறுபடி ஆராய்ந்ததில் அந்நிறுவனத்துக்கும் பங்குண்டு. உலகத்தைப் படித்தவர், தம் மாநிலத்தைப் படிக்கத் திரும்பி வந்தார்.

நிற்க. நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். ஆக்சுபோர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் என்னும் அம்மையார், 1981-82 முதல் கோவை மாவட்டக் கிராமங்களுக்கு வந்து, பல ஆண்டு இடைவெளிகளில் அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, தோட்டக்காரரும் கூலிக்காரரும் எவ்வாறு மாறினார்கள் என்று எழுதினார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீர்ட் தெ நேவ், குமாரபாளையம் தறிக்குடோன்களில் அமர்ந்து, தறி ஓட்டுபவர்கள் வாங்கும் முன்பணத்தைப் பற்றி ஆராய்ந்தார். அதை நாம் "பாக்கி" என்று சொல்லுவோமே, அந்தத் தமிழ்ச் சொல் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே ஏறிவிட்டது!

இங்கே சற்று நில்லுங்கள். பாக்கி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஒருவர் கடல் தாண்டி வந்தார். சோமனூர்ப் பிள்ளைக்கோ எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே அது தெரியும். அப்பா பாக்கி வாங்கியதால் வேறு குடோனுக்குப் போக முடியாமல் இருப்பதைச் சில பிள்ளைகள் வீட்டில் பார்க்கிறார்கள். பாக்கி வாங்கிய ஆள் சொல்லாமல் போய்விட்டதால் தறி நிற்பதையும், அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதையும் வேறு சில பிள்ளைகள் பார்க்கிறார்கள். இருவரும் ஞாயிறு காலையில் இதே கோவிலில், ஒரே மறைக்கல்வி வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டுக் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. தெரியாததனால் ஒருவர் மற்றவரை "ஏமாற்றுக்காரன்" என்று நினைக்கிறார்.

நம் ஊர்த் தொழிலின் அமைப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுக்கிறார். விசைத்தறிக்காரர் கூலிக்கு நெய்து காடாத்துணியாகத் திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் கூலியிலிருந்து தறி ஓட்டுபவருக்குச் சம்பளமும், மின்சாரக் கட்டணமும், உதிரிப் பாகமும், வங்கித் தவணையும் போக மிஞ்சியது அவருக்கு. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு பேசி முடிவாயிற்று. அது கைக்கு வரவில்லை என்று 2022 சனவரியில் தறிகள் நின்றன. மறுபடியும் 2025 மார்ச்சு, ஏப்ரலில் நின்றன. தறி நின்ற நாட்களில் இந்த ஊரின் அமைதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அமைதியில் யார் நெஞ்சும் நிம்மதியாக இல்லை.

அந்தப் பேச்சு வார்த்தைகளில் விசைத்தறிக்காரரின் கணக்கு மேசைக்கு வந்தது. உற்பத்தியாளரின் கணக்கும் வந்தது. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று தறி ஓட்டுகிற பெண்ணின் கணக்கு அதே மேசைக்கு வந்ததா? வெளி மாநிலத்திலிருந்து வந்து குடோன் ஓரத்து அறையில் தங்கியிருக்கிற தம்பியின் கணக்கு வந்ததா? நல்ல மனமுள்ளவர்கள் இல்லாததால் இப்படி நேருகிறது என்று நான் நினைக்கவில்லை. அவர்களைக் கேட்டு, எண்ணி, எழுதி, பிறர் மறுக்க முடியாதபடி முன்வைக்கத் தெரிந்தவர் நம்மிடையே குறைவு. அந்தத் திறமையைத்தான் இந்தப் படிப்பு கற்றுத் தருகிறது.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இது: "அம்மா, உங்கள் மகள் படிக்க நினைப்பது வெளியூர்ப் படிப்பு அல்ல. நம் ஊரைப் பார்க்கக் கண்ணாடி போடும் படிப்பு."

ஆனால் கண்ணாடிக்கு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கம்ப்யூட்டர் படித்தவருக்குக் கிடைப்பது போல் முதல் மாதமே பெரிய சம்பளம் இதில் பெரும்பாலும் கிடையாது. அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், ஐக்கிய நாடுகளின் அமைப்புகள், பத்திரிகை, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவற்றில் இடம் உண்டு. ஆனால் தேடிப் போக வேண்டும், பொறுத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றவுடன் வீட்டையும் தறியையும் அடகு வைத்துக் கடன் வாங்க ஓடாதீர்கள். முதலில் நம் நாட்டில் பாருங்கள். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1956 முதல் இயங்குகிறது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் தோன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சியியலில் முதுகலைப் படிப்புத் தொடங்கினார்கள். பொறியியல் மட்டுமே ஐ.ஐ.டி. என்று எண்ணியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் படித்து, சில ஆண்டுகள் மக்களிடையே வேலை செய்து, உதவித்தொகை கிடைத்தால் அதன்பின் கடல் கடக்கலாம். அவ்வாறு போகிறவர்களுக்குக் கேட்க வேண்டிய கேள்விகளும் கையில் இருக்கும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இந்தப் படிப்பில் ஓர் ஆபத்து உண்டு. ஏழைகளைப் பற்றிப் பேசப் பேச, ஏழைகளுக்காக நாமே முடிவெடுக்கலாம் என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். உதவ வந்தவர் எசமானராகிவிடுவார். இதற்கு மாற்று மருந்து நம் பக்கத்துக் கருமத்தம்பட்டி வரலாற்றிலேயே இருக்கிறது. பிரான்சு நாட்டிலிருந்து வந்த மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை 1846-ஆம் ஆண்டு அங்கேதான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வந்தவர்களே என்றும் நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. இந்த மண்ணின் மைந்தர்களைக் குருக்களாக்கி, பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். பின்னர் இங்கிருந்து விலகி, 1856-இல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு சபையை நிறுவி, 1859-இல் சியரா லியோன் நாட்டுக்குச் சென்று, சில வாரங்களிலேயே காய்ச்சலுக்குப் பலியானார். வெளியிலிருந்து வருகிற உதவி நல்ல உதவிதானா என்று அறிய அவர் கொள்கையையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்: உதவி செய்தவர் போனபின் அவ்வூர் மக்கள் தாமே நடக்க முடிகிறதா, இல்லையா?

முடிவாக ஒரு வேண்டுகோள். யூபிலி ஆண்டில் கட்டடத்துக்கு வர்ணம் பூசுகிறோம், நல்லது. அதோடு சிலேட்டரின் மாணவர்கள் செய்ததை நாமும் செய்தால் என்ன? கல்லூரியில் எந்தப் பாடம் படிப்பவராயினும் சரி, நம் இளைஞர்கள் இருவர் இருவராக, அன்பியம் அன்பியமாக, நம் மக்கள் வாழும் தெருக்களுக்குச் செல்லட்டும். தறி வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளை ஒருவரும், தறி ஓட்டுவோர் வீட்டுப் பிள்ளை ஒருவரும் சேர்ந்து செல்லட்டும். கேட்க வேண்டியவை அதிகமில்லை. வாரத்தில் எத்தனை நாள் வேலை? பாக்கி எவ்வளவு, எத்தனை ஆண்டாக? வட்டி யாருக்குப் போகிறது? பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தியது, ஏன்? காது கேட்கிறதா, இருமல் உண்டா? குடிதண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை? பெயர் எழுத வேண்டாம். கணக்கு மட்டும் போதும். சேர்ந்த கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். அதைக் கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. பங்குப் பேரவையும் தீர்மானிக்கப் போவதில்லை. கணக்கில் இடம் பெற்றவர்களும் கூட அமர்ந்து பேசட்டும்.

மேலே சொன்ன அந்தப் பெண் பிள்ளை விரும்பினால், அந்த வினாத்தாளை முதலில் எழுதித் தருபவள் அவளாகவே இருக்கட்டும். பல்கலைக்கழகம் அவளைச் சேர்த்துக்கொள்ளுமோ இல்லையோ, படிப்பு அன்றே தொடங்கிவிடும். நம் பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்டுக் கோபப்படாத மனத்தைப் பெற்றோருக்கும் எனக்கும் இறைவன் தந்தருள்வாராக.

உங்கள் அனைவருக்கும் என் யூபிலி வாழ்த்துக்கள்.